கைமாற்று

வார்டோவில் தபால் நிலையம் என்று தனியாக எதுவும் இல்லை.
மளிகைக் கடையின் பின்பக்கம்,
உறைந்த இறால் பெட்டிக்கும் லாட்டரிச் சீட்டுத் தட்டுக்கும் நடுவே
ஒரு தராசு, ஒரு முத்திரை, நான்.

நண்டுத் தொழிற்சாலை விட்டதும் சோல்ஃப்ரிட் வருவாள்.
உப்பு வாசனை அவளுக்கு முன்னால் வரும்.
உறை வாங்க மாட்டாள்.
"இதை இப்படியே அனுப்பணும்."

முதல் தடவை, ஒரு செருப்பின் அடிப்பாகம்.
அடுத்தது, நாளிதழின் வானிலைப் பக்கத்தில் தைத்த சட்டைப்பை.
உள்ளே ஒன்றும் இல்லை.
சுங்கப் படிவத்தில் எழுதினாள்:
'நவம்பர் வெளிச்சம். மதிப்பு: பூஜ்யம்.'
விதிப்புத்தகத்தைப் புரட்டினேன்.
வெளிச்சத்துக்குத் தடை இல்லை.

எல்லாம் ஒரே முகவரிக்கு.
எவரிஸ்தோ கிரிமால்தி, பூட்டுக் கடை, ரொசாரியோ, அர்ஜென்டினா.
அங்கிருந்து வருபவையும் அப்படித்தான்:
சாவி வடிவில் வெட்டிய மாட்டுத்தோல்,
பஸ் டிக்கெட்டுகளைக் கோத்த முழ நீளச் சங்கிலி,
ஒருமுறை, வெறும் அட்டையில் ஒரு சாவித்துளை.
அதன் வழியே பார்த்தேன். பார்க்கக் கூடாதுதான்.
தெரிந்தது என் கடைதான்,
ஆனால் யாரோ பூட்டிவிட்டுப் போன கடைபோல.

இருவரும் சந்தித்ததில்லை. பொதுமொழியும் இல்லை.
எழுதிக்கொள்ள முடியாததால்தான்
இவ்வளவு அனுப்பிக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன்.

போன பிப்ரவரியில் ஓர் இடக்கை உறை.
ஆரஞ்சு ரப்பர்,
நண்டு முள் கிழித்த இடங்களில் சிவப்பு நூல்.
சுண்டுவிரலில் அஞ்சல்தலை, உள்ளங்கையில் முகவரி.
தராசு நூற்றுப் பத்து கிராம் காட்டியது.
"என்னவென்று பதிவது?"
"கைமாற்று," என்றாள். "திருப்பித் தரணும்."

திரும்பியது. பத்து மாதம் கழித்து,
இங்கே சூரியன் போய் மூன்று வாரமான பிறகு.
ஆறு முத்திரைகள், ஒரு சுங்கக் கிழிசல், மணிக்கட்டில் காப்பிக் கறை.
உள்ளங்கைக்குக் குறுக்கே ஊதா மையில் ஒரு சொல்.
எனக்கு ஸ்பானியம் தெரியாது.
ஆனால் இருபத்திரண்டு வருடம் தபால் பார்த்தவனுக்கு
எல்லா மொழியிலும் தெரிகிற நாலைந்து சொற்களில்
அதுவும் ஒன்று:
காலமானார்.

இரண்டு நாள் மேசைக்கு அடியிலேயே வைத்திருந்தேன்.
பிறகு விளக்கடியில் பிரித்துப் பார்த்தேன்.
மையின் ஓரம் பிசிறு.
நடுவில் ஓர் எழுத்து, கண்ணாடியில் பார்ப்பதுபோல்
திரும்பி நின்றது.
எந்த அரசாங்கமும் எழுத்தைத் திருப்பிக் குத்தாது.
பள்ளிக்கூட அழிப்பான், ஒரு பிளேடு,
யாரோ ஒருவருடைய ஒரு முழுச் சாயங்காலம்.

அவனேவா, விளையாட்டுக்கு?
அல்லது அவன் வீட்டில் யாராவது,
இந்த இருவருக்கும் இருந்த ஒரே மொழியில்
சேதி சொல்ல?

அவள் வந்தாள். பார்த்தாள். சிரித்தாள்.
சிரிப்பு பாதியில் எங்கோ மாட்டிக்கொண்டது.
"அவன் வேலையாக இருந்தால்
அவனைக் கொன்றுவிடுவேன்."

தராசில் வைத்தேன், பழக்கதோஷம்.
நூற்றுப் பதினெட்டு.
எவ்வளவு அழுத்திக் குத்தினாலும்
மை எட்டு கிராம் வராது.
கையை உள்ளே விட்டாள்.
மோதிர விரலின் நுனியில் தட்டுப்பட்டது
ஒரு சாவி. இன்னும் பல் வெட்டாதது.
எந்தப் பூட்டுக்கும் உரியதல்ல, அதனால்
எந்தப் பூட்டையும் மறுக்காதது.
அதை வாயருகே கொண்டுபோய் ஊதினாள். துளை இல்லை, சத்தம் வரவில்லை.

அடுத்த திங்கள் வலக்கை உறையோடு நின்றாள்.
அதே ஆரஞ்சு, அதே முகவரி.
"வாங்குகிறவர் இல்லாவிட்டால் கட்டணம் எவ்வளவு?"
"அதேதான்."
சில்லறையை எண்ணி வைத்தாள்.

எங்கே குத்த வேண்டும் என்று விதி இருக்கிறது: தலையின் மேல்.
அதையும் குத்தினேன்.
பிறகு மணிக்கட்டைத் திருப்பி,
நாடி பார்க்கிற இடத்தில்
இன்றைய தேதியை இன்னொரு தரம்.

அவள் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.
பின்னால் நின்றவர்
பாலுக்கு எங்கே பணம் கட்டுவது என்று கேட்டார்.